தோல் பெல்ட்டுக்கு அரப்பொடிக் கறுப்பு

"ஈரத் தோலை இரும்புகிட்ட கொண்டு போகாத" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், 27 வருஷம் வேலை பார்த்தவர். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது, அவர் கொண்டு வந்த ஒரு துண்டுத் தோலைக் கழுவி ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால், கம்பி பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அப்பா திட்டவில்லை. "இனி அது போகாது, தோலோட சேர்ந்துருச்சு" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கோட்டை எனக்கு மறுபடி ஞாபகப்படுத்தியது ஒரு கல்யாணம். பெரியம்மா மகன் கல்யாணத்துக்கு வீட்டு ஆண்கள் ஒன்பது பேருக்கு நானே பெல்ட் செய்து கொடுத்தேன். வேட்டிக்கு மேல் கட்டுகிற அகலமான பெல்ட். கடையில் வாங்கிய கறுப்புச் சாயத்தைப் பூசி, மேலே பளபளப்புக்கு ஒரு கோட் அடித்துக் கொடுத்துவிட்டேன். மே மாசம். பந்தி முடிவதற்குள் சித்தப்பாவின் வெள்ளை வேட்டியில் இடுப்பைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குக் கறுப்பு. "பரவாயில்லம்மா" என்றார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயம் தோலுக்குள் போகாமல் மேலேயே உட்கார்ந்திருந்தது, வியர்வை பட்டதும் இறங்கிவிட்டது. ஜன்னல் கம்பிக் கோடு மட்டும் ஏன் போகவே இல்லை என்று அப்போதுதான் யோசித்தேன்.

காரணம் எளிமையானது. பட்டை, காய் போட்டுப் பதப்படுத்திய தோல் முழுக்கத் துவர்ப்புச் சத்து, அதாவது டேனின், இருக்கும். கரைந்த இரும்பு அதோடு சேர்ந்தால் கறுப்பாகிவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் காய்ச்சிய பழைய காலத்து எழுது மையும் இதே வழியில் உருவானதுதான். கறுப்பு நாருக்குள்ளேயே உண்டாவதால், மேலிருந்து உரிந்து வர அங்கே எதுவும் இல்லை. எட்டு வருஷமாக என் கறுப்புப் பெல்ட் எல்லாமே இப்படித்தான்.

எந்தத் தோல்

குரோமிய உப்பில் பதப்படுத்திய குரோம் தோலில் இது வேலை செய்யாது. பட்டையில் பதப்படுத்தியதுதான் வேண்டும். ஈ.ஐ. தோல் என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியும். ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம் அது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதப்படுத்தினார்கள், பிறகு வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது. கடைசியில் கடுக்காய் போட்டு நிறத்தைத் தெளிவாக்குவார்கள். பெல்ட்டுக்கு மூன்றரை மில்லிமீட்டர் கனத்தில் எருமைத் தோல் எடுப்பேன். முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி வேண்டாம், கட்டக் கட்ட இழுத்துக்கொண்டே போகும்.

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே சாம்பல் நீலம் தெரிந்தால் குரோம். பழுப்பு என்றால் பட்டைத் தோலாக இருக்கலாம், ஆனால் குரோம் தோலையும் உள்வரை சாயம் ஏற்றி விற்பதுண்டு. அதனால் கடைசி வார்த்தை இரும்புத் தண்ணீருடையதுதான் (வினிகரில் இரும்பைக் கரைத்தது, செய்முறை கீழே). மூலையில் ஒரு சொட்டு வையுங்கள். நிமிஷத்தில் கறுத்தால் துவர்ப்பு இருக்கிறது. இந்த ஒரு சொட்டைப் பார்க்காமல் முழுத் தோலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இரும்புத் தண்ணீர்

எங்கள் ஊரில் இரும்புக்குப் பஞ்சம் கிடையாது. பூட்டுப் பட்டறையில் அரம் போட்ட இடத்தில் அரப்பொடி குவிந்து கிடக்கும். கேட்டால் ஒரு டப்பா அள்ளிக் கொடுப்பார்கள். திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு, ஈ.ஐ. தோலுக்கும் உண்டு. இரண்டும் என் சின்ன ஜாடிக்குள் ஒன்று சேர்வதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

ஆனால் பூட்டுப் பட்டறைப் பொடியில் பித்தளையும் கலந்திருக்கும். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிப் பொடிக்கு மேலே காட்டுங்கள். இரும்பு மட்டும் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். காகிதத்தைப் பிரித்தால் கீழே உதிர்ந்துவிடும், காந்தத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டு இரண்டு முறை அலசுங்கள். மெஷின் எண்ணெய் இருந்தால் வினிகர் உள்ளே பிடிக்காது.

அரப்பொடி கிடைக்காதவர்கள் பழைய இரும்பு ஆணி போடலாம், துரு இருந்தாலும் சரி. துத்தநாகப் பூச்சுள்ள வெள்ளை ஆணி வேண்டாம். பாத்திரம் துலக்குகிற கம்பி நாரைப் போட்டுவிட்டு ஒரு மாசம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அது ஸ்டெயின்லெஸ், கரையாது.

ஒரு லிட்டர் வெள்ளை வினிகருக்கு நூறு கிராம் அரப்பொடி. கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடியை இறுக்காமல் சும்மா மேலே வையுங்கள். சின்னச் சின்னக் குமிழ் வரும். அது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும். இறுக்கி மூடினால் ஜாடி வெடிக்கலாம், அடுப்புப் பக்கம் வைத்தால் ஆபத்து. நான் மாடிப்படிக்குக் கீழே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறேன். பத்து நாளில் குமிழ் அடங்கும். கொஞ்சம் பச்சையோடிய வெளிர் நிறத்தில் இருக்கும். காற்றுப் பட்டால் செம்பழுப்பாக மாறும், அதனால் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். பழைய பருத்தித் துணியை நாலாக மடித்து வடிகட்டி வையுங்கள்.

கடுக்காய் பூசுவது

இந்தப் படியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். என் பெல்ட்டின் கறுப்பு இதில்தான் இருக்கிறது.

வாட்டில், ஆவாரம் பட்டைகளின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுப்பில் கொஞ்சம் பச்சை தட்டும். நிழலில் தெரியாது, வெயிலில் வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் தெரியும். கடுக்காயின் துவர்ப்பு வேறு வகை, அது நீலக் கறுப்பு கொடுக்கும். காக்கா இறக்கை மாதிரி ஒரு நிறம். அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, உடைத்து, கொட்டையை எடுத்துப் போடுங்கள். சதையில்தான் துவர்ப்பு. ஐம்பது கிராம் சதையை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். இரும்புச் சட்டி கூடாது, ஸ்டெயின்லெஸ் அல்லது மண் சட்டி. ஆறியதும் வடிகட்டுங்கள். வாசம் வரும்போது எனக்கு அப்பாவின் கை ஞாபகம் வரும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் விரலில் இந்த வாசம் இருக்கும்.

பெல்ட்டை இதற்கு முன்பே அளவுக்கு வெட்டி, ஓட்டை போட்டு, ஓரத்தின் கூர்மையைச் சீவி எடுத்துவிட வேண்டும். சாயம் ஏற்றிய பிறகு வெட்டினால் பழுப்பு தெரியும். விரல் எண்ணெய் பட்ட இடம் கறுக்காது, கட்டைவிரல் ரேகை அப்படியே வெள்ளையாக நிற்கும். அதனால் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து, அதன் பிறகு கையுறை போடாமல் தொடாதீர்கள். கடுக்காய்த் தண்ணீரை ஸ்பாஞ்சில் தொட்டு இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசுங்கள். அரை மணி விட்டு இன்னொரு முறை. நிழலில் கிடக்கட்டும். தொட்டால் குளுமையாக இருக்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அந்தப் பதம்.

கறுப்பு ஏறும் நேரம்

இரும்புத் தண்ணீரை அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பூசப் பூசக் காய்ந்து பட்டை பட்டையாக விழும். பிரஷ்ஷில் தகரப் பட்டி இருக்கக் கூடாது, ஸ்பாஞ்ச் போதும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. முதலில் சாம்பல் நிறம் வரும். மனசு விட்டுவிடாதீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நீலமாகும், நீலம் ஊதாவாக இருளும், பத்து நிமிஷத்தில் கறுப்பு. எத்தனை முறை பார்த்தாலும் நான் கையை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பேன்.

அரை மணி கழித்து இரண்டாவது முறை, இந்தத் தடவை ஓரத்துக்கும் ஓட்டைகளுக்குள்ளும். அத்தோடு போதும். இன்னும் கறுக்கட்டும் என்று ஐந்தாறு முறை ஏற்றாதீர்கள். அதிகப்படி இரும்பும் அமிலமும் உள்ளே தங்கினால் வருஷங்கள் போகப் போக நார் மக்கிவிடும். ஓட்டை இருக்கும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும்.

மிச்ச அமிலத்தை எடுக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து, இரண்டு நிமிஷம் பெல்ட்டை முக்கி எடுங்கள். லேசாக நுரைக்கும். சோடாவை அள்ளிக் கொட்ட வேண்டாம், காரம் ஏறினால் தோல் விறைத்துப்போகும். பிறகு தெளிந்த தண்ணீரில், தண்ணீர் கறுப்பாக வராத வரை அலசுங்கள். எனக்கு நாலு வாளி ஆகும்.

இப்போது எண்ணெய். முழுக்கக் காய்ந்த பிறகு எண்ணெய் விட்டால் திட்டுத் திட்டாக இழுக்கும். பாதி ஈரத்தில் விட்டால், தண்ணீர் வெளியே போகப் போக எண்ணெய் உள்ளே போகும். தோல் ஷாப்பில் புங்க எண்ணெய் பூசுவார்கள், நானும் அதையே பூசுகிறேன். ஒரு பெல்ட்டுக்கு ஒரு தேக்கரண்டி, துணியில் தொட்டு. வாசம் சில நாளில் அடங்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்து மேலே வெள்ளை பூக்கும். பெல்ட்டைத் தட்டையாகப் போட்டு இரண்டு நாள் நிழலில் காய விடுங்கள். வெயிலில் போட்டால் அப்பளம் மாதிரி சுருளும். ஐப்பசி மழையில் நாலு நாள்கூட ஆகும், அப்போது ஃபேன் போடலாம்.

தேய்ப்பு, மெழுகு, ஓரம்

காய்ந்ததும் மேலே லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். பழைய வேட்டித் துணியால் அழுத்தித் தேயுங்கள். துணி அழுக்காக ஆக மாற்றுங்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்க்க வேண்டும். அப்புறம் இன்னொரு சோதனை, இதை நான் சித்தப்பா வேட்டிக்குப் பிறகு சேர்த்தது. துணியை உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பெல்ட்டின் உள்பக்கம் இருபது முறை தேயுங்கள். வியர்வைக்குப் பக்கத்தில் வரும் பரீட்சை அதுதான். கறை பட்டால் மறுபடி அலசல், மறுபடி எண்ணெய். அவசரப்படுத்துகிற வாடிக்கையாளருக்கும் இதை விட்டுக்கொடுப்பதில்லை.

ஓரத்தை 220, 400, 600 என்று உப்புத்தாளால் தேயுங்கள். தேய்த்த இடத்தில் பழுப்பு வந்தால் இரும்புத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஒரு கோடு போட்டு, சோடாத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். வேலம்பிசின் கரைசலை ஓரத்தில் தடவி, வழவழப்பான மரக்கட்டையால் வேகமாக உரசினால் சூடேறி நார் படிந்து கண்ணாடி மாதிரி ஆகும். கடைசியில் தேன்மெழுகை ஓரத்தில் தேய்த்து, ஜீன்ஸ் துணியால் உரசுங்கள்.

மேல்பக்கத்துக்கு ஒரு பங்கு தேன்மெழுகும் மூன்று பங்கு புங்க எண்ணெயும், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கியது. ஆறியதும் பட்டாணி அளவு எடுத்து மெல்லிசாகத் தடவி, அரை மணி விட்டு மெருகேற்றுங்கள். அக்ரிலிக் பளபளப்பு எனக்குப் பிடிக்காது. பெல்ட் மடங்கும் இடத்தில் வெடித்து உரியும், கறுப்புக்குள் இருக்கும் அந்த நீலத்தையும் மூடிவிடும்.

பழுப்பு வேண்டுமென்றால் ஸ்பிரிட் சாயம்தான். பாதிக்குப் பாதி ஸ்பிரிட் கலந்து, முதல் பூச்சு நீளவாக்கில், இரண்டாவது குறுக்கில், ஒரு நாள் காயவிட்டு இதே துணிச் சோதனை. அந்தப் பெல்ட்டுக்கு இரும்பு பக்கிள், இரும்பு ரிவெட் போடாதீர்கள், பித்தளை போடுங்கள். வியர்வை பட்ட இடத்தில் கறுப்பு வளையம் விழும்.

மீதி இரும்புத் தண்ணீரை ஜாடியில் இரண்டு ஆணியோடு வையுங்கள், மறுபடி குமிழ் வரலாம் என்பதால் மூடியை இறுக்க வேண்டாம். மேலே ஆடை படிந்தால் வடிகட்டினால் போதும். என் ஜாடி மூன்று மாசம் தாங்கும். அதற்குள் அரப்பொடி தீர்ந்துவிடும், பூட்டுப் பட்டறைக்கு இன்னொரு நடை போவேன்.