முன்னாள் மாணவர் சங்கத்தை ஒரு வருஷம் முழுக்க உயிரோடு வைத்திருப்பது எப்படி?

முன்னாள் மாணவர் சங்கங்கள் பலவும் முதல் சந்திப்போடு படுத்துவிடுகின்றன. அன்றைக்கு எல்லாரும் கண்கலங்குவார்கள், 'பள்ளிக்கு ஏதாவது செய்யணும்' என்பார்கள், வாட்ஸ்அப் குழு ஒரு மாதம் கொதிக்கும். பிறகு காலை வணக்கப் படங்கள்தான் மிஞ்சும். மனசு சூடாக இருந்த நாளில் கையில் கொடுக்க வேலை எதுவும் தயாராக இல்லை என்பதே இதற்குக் காரணம். ஆகவே ஆண்டுத் திட்டத்தைச் சந்திப்பிலிருந்து தொடங்காதீர்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சந்திப்பு முடிந்த 30 நாளுக்குள் அந்த வேலை வளாகத்தில் தொடங்கும்படி தேதி குறியுங்கள். மற்ற எல்லாவற்றையும் இந்த இரண்டையும் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.

முதல் மாதம்: தலைமையாசிரியர் அறை

இரண்டு மூன்று பேராகப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். பத்துப் பேர் போய் நின்றால் அவர் மனம்விட்டுப் பேச மாட்டார். 'என்ன வேண்டும்?' என்று கேட்டால் ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டர் என்ற பதில் வரும். கொடுப்பவர்கள் விரும்பிக் கொடுப்பது அதைத்தான் என்று அவருக்குத் தெரியும். 'போன வருஷம் எந்தெந்தக் காரணத்தால் வகுப்பு நின்றது? பழுதாகி மூலையில் கிடப்பது எது? பிள்ளைகள் எதனால் லீவு போடுகிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக வரும்.

பிறகு அவர் அனுமதியோடு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். கழிப்பறையில் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, மாணவிகள் கழிப்பறையில் மூடி உள்ள குப்பைத்தொட்டி இருக்கிறதா, அதை யார் எப்போது காலி செய்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வசதி குறைந்த பள்ளிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை. 50 மாணவர்களுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு சிறுநீர்க் கழிப்பிடமும். வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கையை இதால் வகுத்தாலே எத்தனை குறைகிறது என்று தெரிந்துவிடும். நுழைவாயிலில் அலங்கார வளைவு கட்டலாம் என்று பேட்சில் யாராவது சொல்வார்கள். அந்த நேரத்தில் இந்த எண்ணை எடுத்துக் காட்டுங்கள்.

பெயர்ப்பட்டியல்

சங்கத்தின் சொத்து இதுதான். எக்செல் ஷீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு வரி: பள்ளியில் இருந்த பெயர், இப்போதைய பெயர், கூப்பிட்ட பெயர், சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு, பிரிவு, ஊர், தொழில், கைபேசி, மின்னஞ்சல், யார் மூலம் கிடைத்தது, கடைசியாகச் சரிபார்த்த தேதி. கடைசி இரண்டு கட்டங்களைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து எண் மாறிப்போனால் யாரைக் கேட்பது என்று அப்போது தெரியாது. இடையில் பள்ளி மாறிப் போனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவருக்கும் அது அவருடைய பள்ளிதான்.

பெண்களைக் கண்டுபிடிப்பதில்தான் பட்டியல்கள் தோற்கின்றன. திருமணத்துக்குப் பிறகு பெயரும் ஊரும் மாறியிருக்கும், முகநூலில் தேடினால் கிடைக்காது. அதே பள்ளியில் படித்த தம்பி தங்கை, பழைய தெருக்காரர்கள், கூடவே பக்கத்து பெஞ்சில் இருந்த தோழி வழியாகப் போக வேண்டும். இந்த வேலையை அந்த பேட்சின் பெண்களே இரண்டு பேர் எடுத்துச் செய்தால் வேகமாக நடக்கும். தெரியாத ஆண் குரலில் அழைப்பு வந்தால் பலர் எடுக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், ஆனால் ஒருவர் எண் எல்லாருக்கும் தெரியும். அறிவிப்புக்கு மட்டும் ஒரு பொதுக் குழு வைத்து, அட்மின் மட்டுமே எழுதும்படி பூட்டிவிடுங்கள். அரட்டைக்கு பேட்ச் வாரியாகத் தனிக் குழு. முழுப் பட்டியலை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். காப்பீடு விற்பவர் கைக்கு ஒருமுறை போய்விட்டால் அடுத்த முறை யாரும் எண் தர மாட்டார்கள்.

பணம்

செயலாளரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்கவே வாங்காதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சந்தேகம் அங்கேதான் முளைக்கும். சங்கத்தின் பெயரில் கணக்கு, மூவரில் இருவர் கையெழுத்து, பணம் வந்த 48 மணி நேரத்துக்குள் ரசீது. சந்திப்புப் பணமும் பள்ளி நிதியும் வெவ்வேறு தலைப்பில் இருக்கட்டும். பள்ளிக்கு என்று கொடுத்தது மேடைச் செலவுக்குப் போனது தெரிந்தால், கொடுத்தவர் மறுபடி கொடுக்க மாட்டார்.

ஓர் ஆளுக்கு எவ்வளவு வசூலிப்பது என்பதில்தான் கணக்கு இடிக்கும். மண்டபம், ஒலிபெருக்கி, போட்டோகிராஃபர் போன்ற செலவுகள் எத்தனை பேர் வந்தாலும் மாறாது. சாப்பாடும் அடையாள அட்டையும் ஆள் எண்ணிக்கையோடு ஏறும். 120 பேர் வருவார்கள் என்று நினைத்தால் மாறாச் செலவை 120ஆல் வகுக்காதீர்கள். அதில் 70 சதவீதமான 84ஆல் வகுத்து, அதோடு தலைக்கான செலவைக் கூட்டி, மொத்தத்தில் 10 சதவீதம் ஏற்றுங்கள். மீந்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகும், குறைந்தால் நாலு பேர் கைக்காசு போடவேண்டி வரும். ஆசிரியர்களிடம் வாங்க வேண்டாம். கட்ட முடியாதவர்கள் செயலாளரிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். அந்தப் பெயர்கள் பொருளாளரைத் தாண்டிப் போகக்கூடாது.

சந்திப்பு

தேதியை 16 வாரம் முன்பே முடிவு செய்யுங்கள், வெளியூரில் இருப்பவர்களுக்கு லீவும் டிக்கெட்டும் கிடைக்க அவ்வளவு அவகாசம் வேண்டும். சந்திப்புக்கு 12 வாரம் முன்பு அழைப்பு, 6 வாரம் முன்பு கட்டணக் கடைசி நாள், 2 வாரம் முன்பு சாப்பாட்டு எண்ணிக்கை. குழுவில் கட்டைவிரலை உயர்த்தியவர்களை எண்ணாதீர்கள். பணம் கட்டியவர்தான் வருகிறவர்.

அன்றைய காலையில் முதலில் சொதப்புவது வரவேற்பு மேசை. 150 பேரும் ஏறக்குறைய ஒரே அரை மணி நேரத்தில் வந்து சேர்வார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு மேசையில் 30 பேர்தான் முடியும், ஆக ஐந்து மேசை வேண்டும். மேசைகளை அகரவரிசைப்படி பிரிக்காமல் ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். வரிசையில் நிற்கும்போதே பக்கத்தில் நிற்பவர் வகுப்புத் தோழராக இருப்பார், சந்திப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

அடையாள அட்டையில் பெயர் இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் படிக்கும்படி, குறைந்தது 36 பாயின்ட் தடித்த எழுத்தில் இருக்கட்டும். கீழே கூப்பிட்ட பெயர், முடித்த ஆண்டு. கயிற்றில் தொங்கும் அட்டை திரும்பிக்கொள்ளும், அதனால் இரண்டு பக்கமும் அச்சடியுங்கள். பழைய குரூப் போட்டோவிலிருந்து அவரவர் முகத்தை வெட்டி ஓரத்தில் சேர்த்தால் பேச்சைத் தொடங்கவே தடுமாறுபவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களை வீட்டுக்குப் போய் அழையுங்கள். அழைத்துவர ஒரு வண்டி, கூட இருக்க ஒரு முன்னாள் மாணவர், கைப்பிடி உள்ள நாற்காலி, கழிப்பறைக்குப் பக்கமாக இடம், தரைத்தளம். இரண்டு மணி நேரத்தில் அவரே கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். எல்லாரிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: 'சார், என்னை ஞாபகம் இருக்கா?' என்று யாரும் கேட்கக்கூடாது. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பாடம் எடுத்தவரை அந்தக் கேள்வி சங்கடத்தில் தள்ளும். 'சார், நான் இன்னார், பத்தாவது பி பிரிவு, இந்த வருஷம் முடித்தேன்' என்று பெயரும் வகுப்பும் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தால், மீதியை அவரே சொல்வார்.

மறைந்தவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தும் பட்டியலை ஒருவர் சொன்னதை வைத்துத் தயாரிக்காதீர்கள். ஒவ்வொரு பெயரையும் குடும்பத்தாரிடமோ, நேரில் தெரிந்த இருவரிடமோ உறுதி செய்யுங்கள். உயிரோடிருப்பவர் பெயர் மேடையில் வாசிக்கப்பட்டால் அந்தக் காயத்துக்கு மருந்தே இல்லை.

மேடைப் பேச்சு மொத்தம் 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வந்தவர்கள் பேச வந்திருப்பது ஒருவரோடு ஒருவர்தான். அந்த 45 நிமிடத்தில் 10 நிமிடம் தலைமையாசிரியருக்கு. பள்ளியின் தேவை, ஆகும் செலவு, வேலை தொடங்கும் தேதி மூன்றையும் அவரே சொல்லட்டும். உடனே பெயர் எழுதும் தாளைச் சுற்றில் விடுங்கள். அதில் பணத்துக்கு ஒரு கட்டம், நேரத்துக்கு ஒரு கட்டம், தெரிந்த தொழிலுக்கு ஒரு கட்டம். எலக்ட்ரீஷியனின் ஒரு நாள் சில நேரம் பெரிய காசோலையைவிட மேல்.

குரூப் போட்டோவைச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள், பின்பு பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். 100 பேர் என்றால் 25 பேர் கொண்ட நான்கு வரிசை. உடலைச் சற்றுத் திருப்பி நின்றால் ஓர் ஆளுக்கு 45 செ.மீ., ஆக 11 மீட்டருக்குச் சற்று மேல் அகலம் வேண்டும். மதிய வெயில் கண்களைச் சுருக்கவைக்கும், நிழல் ஒரே சீராக விழும் சுவரைத் தேடுங்கள். 20 பேருக்குள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை 3ஆல் வகுத்தால் எத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லாரும் கண் திறந்திருப்பார்கள் என்று தெரியும். இந்தக் கணக்கைப் போட்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுக்கு 2006இல், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. 50 பேரைத் தாண்டினால் அப்படி ஒரு படம் கிடைப்பதே அபூர்வம் என்பதும் அவர்கள் சொன்னதுதான். எனவே காமிராவை ஸ்டாண்டில் வைத்து 15 படம் அடுத்தடுத்து எடுக்கச் சொல்லுங்கள். கண் மூடியவர் முகத்தை இன்னொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

30 நாளுக்குள் தொடங்கும் வேலை

முதல் வேலை சின்னதாக, ஒரே வாரக் கடைசியில் முடிவதாக இருக்கட்டும். வகுப்பறைக்கு வர்ணம் அடிப்பது நல்ல தொடக்கம். 6 × 8 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம் என்றால் சுவர்ப் பரப்பு 84 சதுர மீட்டர். கதவு ஜன்னல் போக சுமார் 70. எமல்ஷன் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும், இரண்டு பூச்சுக்கு 14 லிட்டர். அதற்கு முன் பிரைமர் ஒரு பூச்சு, 7 லிட்டர். ஈயம் கலக்காத பெயின்ட் என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். ஓர் அறைக்கு ஆறு பேர் போதும், பதினைந்து பேர் நுழைந்தால் ஏணியும் வாளியும்தான் கவிழும்.

அடித்த வர்ணம் ஆறு மாதத்தில் உரிந்து விழுந்தால், சுவர் ஈரமாக இருந்தது என்று பொருள். அடிப்பதற்கு முன் அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் வர்ணத்தைத் தள்ளிவைத்து, கூரைக் கசிவையோ குழாய்க் கசிவையோ முதலில் சரிசெய்யுங்கள்.

பெரிய பொருள் கொடுப்பதானால், வாங்கும் பணத்தோடு மூன்று வருஷப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்தே திரட்டுங்கள். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி ஃபில்டர் மாற்றாமல் நிற்கும், கம்ப்யூட்டர் அறை பூட்டிக் கிடக்கும், கழிப்பறை துப்புரவாளருக்குச் சம்பளம் இல்லாமல் நாறும். திறப்பு விழாக் கல்லில் மட்டும் சங்கத்தின் பெயர் பளிச்சென்று இருக்கும்.

பிள்ளைகளோடு செய்பவை

படிப்பு உதவியை ஒரு வருஷத்துக்கு என்று கொடுக்காதீர்கள். நிதியில் ஆறு பேருக்கு ஒரு வருஷம் கட்ட முடியும் என்றால், மூன்று வருஷப் படிப்புக்கு இரண்டு பேரை எடுங்கள். நடுவில் நின்றுபோன உதவி படிப்பையும் நிறுத்திவிடும். பணத்தை நேரே கல்லூரிக்குக் கட்டுங்கள். அந்தப் பிள்ளையை மேடையேற்றிக் காசோலை கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம்.

தொழில் வழிகாட்டலுக்குப் பெரிய அரங்கில் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவதால் அதிகம் பயனில்லை. ஒரு முன்னாள் மாணவரைச் சுற்றி எட்டு முதல் பத்துப் பிள்ளைகள், 20 நிமிடம், மணி அடித்ததும் அடுத்த ஆளிடம் என்று நான்கு சுற்று. டாக்டர், எஞ்சினியரோடு நர்ஸ், வெல்டர், லாரி ஓட்டுநர், விவசாயி, சொந்தக் கடைக்காரர் எல்லாரையும் உட்காரவையுங்கள். ஆசிரியர் ஒருவர் எப்போதும் அறையில் இருக்க வேண்டும். பிள்ளைகளோடு கைபேசி எண் பரிமாற்றம் கிடையாது, தனியே அழைத்துப் பேசுவதும் கிடையாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் படம் போடக்கூடாது. இந்த விதியைக் கேட்டு முகம் சுளிப்பவரை அனுப்பாமல் இருப்பதே நல்லது.

ரத்ததான முகாம் நடத்துவதானால் ரத்த வங்கியோடு பேசிவிட்டுத்தான் தேதி வைக்க வேண்டும். ஒரு கட்டிலில் மணிக்கு மூன்று பேர் என்று கணக்கிட்டு நேரம் பிரித்துக் கொடுங்கள். அடுத்த முறை கொடுக்க 8 வாரம் முதல் நான்கு மாதம் வரை இடைவெளி, அது நாட்டுக்கு நாடு மாறும். வெறும் வயிற்றில் யாரும் படுக்கக்கூடாது.

வருஷக் கடைசி

சந்திப்பின் வரவுசெலவைச் சந்திப்பு முடிந்த 15 நாளிலேயே குழுவில் போட்டிருப்பீர்கள். இப்போது ஆண்டுக் கணக்கை, நிர்வாகத்தில் இல்லாத இருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் வையுங்கள். ஒரே செயலாளர் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தால் சங்கம் அவர் வீட்டு விஷயமாகிவிடும், அடுத்தவரை இந்தக் கூட்டத்திலேயே தேர்ந்தெடுங்கள். அவர் கையில் போய்ச் சேரவேண்டியவை: பெயர்ப்பட்டியல், மின்னஞ்சல் கடவுச்சொல், வங்கிப் புத்தகம், ரசீதுக் கட்டுகள், தலைமையாசிரியரிடம் முதல் மாதம் எழுதிய தேவைக் குறிப்பு. அந்தக் குறிப்பில் முடிந்தவற்றை அடித்துவிட்டு, முடியாதவற்றின் பக்கத்தில் காரணத்தை எழுதி ஒப்படையுங்கள்.