டெல்லிக்கு வந்தாயிற்று, கறிவேப்பிலைக்கு எங்கே போவது?

கறிவேப்பிலை வேண்டுமென்றால் மெட்ரோ ஏறி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போ என்று உங்களுக்கு முன்பே டெல்லி வந்தவர்கள் யோசனை சொல்வார்கள். சின்ன வெங்காயம், வாழையிலை வாங்கப் போகும் நாளில் அதையும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கென்றே போனால் இலையின் விலையை விட மெட்ரோ டிக்கெட் கூடிவிடும். கரோல்பாக், ஆர்.கே. புரம், முனிர்கா, மயூர் விகார் என நம்மவர்கள் கூடி வாழும் இடங்களிலுள்ள தென்னிந்தியச் சாமான் கடைகளிலும் இலை கிடைக்கும். ஆனால் பையில் அடைத்த நான்கு வாடிய கொத்துக்குக் காசு கொடுப்பது எனக்கு இன்றுவரை மனம் ஒப்பாத செலவு.

கறிவேப்பிலைக்கு டெல்லி அந்நிய ஊர் அல்ல. இமயமலை அடிவாரக் காடுகளில் தானாக வளரும் மரம் அது. டெல்லியின் பழைய குடியிருப்புகளில் வீட்டு வாசலிலும் பூங்காவிலும் அதைப் பார்க்கலாம். ‘கடி பத்தா’ என்றோ ‘மீட்டா நீம்’ என்றோ கேளுங்கள். மரம் வைத்திருக்கும் ஆன்ட்டிஜியிடம் கேட்டால் பெரும்பாலும் இலையோடு ஒரு கன்றும் கிடைக்கும். வேரிலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கும் கன்றுகளைப் பிடுங்கிப் போடுவது அவருக்கே ஒரு வேலை. அடுத்த முறை இட்லி செய்யும்போது நான்கைக் கொடுத்தனுப்புங்கள், கணக்கு நேராகிவிடும். சாலையோர வேலிச் செடியில் மட்டும் பறிக்க வேண்டாம். டெல்லிப் புகையும் தூசியும் அதன் மேல்தான் படிகின்றன.

கன்று கிடைக்காவிட்டால் சாலையோர நர்சரியில் வாங்கிவிடுங்கள். நல்ல வெயில் விழும் பால்கனியில், அடியில் துளையுள்ள பெரிய தொட்டியாகப் பார்த்து வையுங்கள். நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் பயன்படுத்தினால்தான் பக்கக்கிளை விடும். புளித்த மோரை நீர் விளாவி ஊற்றும் நம் ஊர் வழக்கத்தை இங்கும் தொடரலாம். புதிதாக வந்தவர்களைக் கலங்கடிப்பது குளிர்காலம்தான். டிசம்பர், ஜனவரியில் இலை மஞ்சளாகிக் கொட்டும். சில செடிகள் வெறும் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள். பரிதாபப்பட்டுத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. குளிரில் ஈரம் தங்கினால் வேர் அழுகிவிடும். மண் காய்ந்த பிறகு கொஞ்சமாக விட்டால் போதும். பிப்ரவரிக் கடைசியில் நுனியை வெட்டிவிட்டு எரு போட்டால், ஹோலி சமயத்தில் தளிர் வரும். அந்த இரண்டு மாத இடைவெளிக்கு, இலை மிகுந்திருக்கும்போதே கழுவி, ஈரம் போக உலர்த்தி, ஃப்ரீசரில் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.

கொத்தமல்லியைப் பொறுத்தவரை நீங்கள் பழக வேண்டிய இடம் வாரச் சந்தை. திங்கள் கூடினால் சோம் பஜார், புதன் கூடினால் புத் பஜார். உங்கள் பகுதியில் எந்த நாள் என்று கேட்டுவையுங்கள். இரவு கடை கட்டும் நேரத்தில் கீரை விலை சரிந்துவிடும். குளிர்காலத்தில் காய் வாங்கினால் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கொசுறாகவே வரும். கேட்க வெட்கப்பட வேண்டாம், டெல்லிக்காரர் எல்லோரும் கேட்பார்கள். மழைக்காலத்தில் கொசுறு நின்றுபோகும், கட்டின் விலையும் ஏறிவிடும். அந்த நாட்களில் ரசத்துக்குக் கறிவேப்பிலையை வைத்துச் சமாளிக்கலாம். உலர்த்திய கொத்தமல்லித் தழையை வாங்காதீர்கள், வைக்கோலுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

வீட்டில் விதைப்பதானால் தனியாவை இரண்டாக உடைத்து, அக்டோபரில் தூவுங்கள். மே மாதத்தில் விதைத்தால் தழைக்கும் முன்பே பூத்துவிடும். வெந்தயத்தை ஒரு ராத்திரி ஊறவைத்து அதே பருவத்தில் தூவினால் ஒரு மாதத்துக்குள் கீரை. புதினா இன்னும் சுலபம். வாங்கிய கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். பிறகு மண்ணில் ஊன்றிவிடலாம். மே, ஜூனில் லூ என்னும் அனல்காற்று வீசும்போது அதற்கு மதிய நிழலும் ஈர மண்ணும் வேண்டும், அவ்வளவுதான்.

மலிவாகக் கிடைத்தாலும் எல்லாத் தழையையும் நன்றாக அலசுங்கள். யமுனைக் கரைவெளியில் உணவுப் பயிர் வளர்க்க 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. ஆற்றின் சாக்கடையும் ஆலைக்கழிவும்தான் காரணம். அலசினால் மண்ணும் கிருமியும் குறையும், செடி வேர் வழியே உறிஞ்சிய உலோகம் போகாது. பால்கனித் தொட்டிக்காக நான் இவ்வளவு வாதாடுவது அதனால்தான்.

உலர்ந்த பொருட்களுக்கு பழைய டெல்லியில் ஃபதேபுரி மசூதியை ஒட்டிய காரி பாவ்லி மசாலாச் சந்தையை விட்டால் வேறு இடம் இல்லை. தனியா, சீரகம், கசூரி மேத்தி என்னும் உலர்ந்த வெந்தயக்கீரை எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கும். தனியாளாகப் போய் நூறு கிராம் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து கிலோக்கணக்கில் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பிரிஞ்சி இலை வாங்கும்போது நடுவில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடுகிறதா என்று பாருங்கள், அதுதான் நம் பிரியாணிக்கு வேண்டியது. கசூரி மேத்தியை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பார்த்து, மணம் இருந்தால் மட்டும் எடுங்கள். சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.