டிரோனைக் கிளப்பும் முன் வான்வெளி விதிகளைப் பார்ப்பது எப்படி

காலி மைதானம், மேலே ஒரு விமானமும் இல்லை, அப்புறம் என்ன என்று டிரோனைக் கிளப்பிவிடாதீர்கள். கண்ணுக்கு வெறும் வானமாகத் தெரிவதை, விமானங்களுக்காக ஏ முதல் ஜி வரை ஏழு வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் கட்டுப்பாடுள்ள வகுப்புகள் விமான நிலையங்களைச் சுற்றிப் பெரும்பாலும் தரையிலிருந்தே தொடங்கிவிடும்.

முதலில் உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் டிரோன் வரைபடத்தைத் திறந்து, நிற்கும் இடத்தைத் தேடுங்கள். இந்தியாவில் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். மஞ்சளுக்கு விமானக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும், சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. டிரோன் தடுக்காமல் கிளம்பிவிட்டால் பறக்கலாம் என்று அர்த்தமில்லை. டிரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனமே 2025 ஜனவரியில் அமெரிக்காவில், தடைப் பகுதிகளில் டிரோனைக் கிளம்பவிடாத தன் மென்பொருள் தடை வளையங்களை எடுத்துவிட்டு வெறும் எச்சரிக்கையாக மாற்றிவிட்டது.

உயரத்தில்தான் நிறையப் பேர் தெரியாமலே விதியை மீறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பல நாடுகளில் உச்ச வரம்பு 120 மீட்டர், அதாவது சுமார் 400 அடி. அது டிரோனுக்குக் கீழே இருக்கும் தரையிலிருந்து அளக்கும் உயரம். திரையில் தெரிவதோ பொதுவாக நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து அளந்தது. மலை விளிம்பில் நின்று 100 மீட்டர் ஏற்றி, அப்படியே பள்ளத்தாக்குப் பக்கம் நகர்த்துகிறீர்கள், அங்கே தரை 150 மீட்டர் இறங்கியிருக்கிறது என்றால், திரை 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும், டிரோன் 250 மீட்டரில் பறந்துகொண்டிருக்கும். விமானங்கள் பொதுவாக 500 அடிக்கு மேலேதான் பறக்கும். நமக்கும் அவற்றுக்கும் நடுவே இருப்பது வெறும் நூறடி. மீட்பு ஹெலிகாப்டர்கள் இன்னும் தாழ்வாக வரும். சத்தம் கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

நிலத்துக்கும் தனி விதி உண்டு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல், மேலே வான்வெளி திறந்திருந்தாலும், சிறப்பு அனுமதி இல்லாமல் டிரோனைக் கிளப்பவோ இறக்கவோ கூடாது.

வரைபடத்தில் தடையே இல்லையென்றாலும் நோட்டாம் எனப்படும், விமானிகளுக்கான அதிகாரப்பூர்வ அறிவிப்புகளைப் பாருங்கள். காட்டுத்தீ, தலைவர்கள் வருகை என்று சில மணி நேரத்துக்கு மட்டும் போடும் தடைகள் அதில்தான் வரும். நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும், உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிப் படியுங்கள். முந்தைய இரவு பார்த்தது போதாது, கிளப்புவதற்குச் சற்று முன் இன்னொரு முறையும் பார்த்துவிடுங்கள்.