டிரெய்லர் மாட்டினால் கார் மூஞ்சியைத் தூக்குதா? பாரம் பகிரும் ஹிட்ச்சை செட் பண்ணும் முறை

பழவேற்காட்டில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று கேரவன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து கிளம்பினேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வழக்கம்போல கன்டெய்னர் வரிசை. பக்கத்து லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, வண்டி மூஞ்சியத் தூக்கினு நிக்குது? ஸ்டியரிங் புடிக்குதா?" என்றார். பிடிக்கவே இல்லை. அங்கேயே திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நடப்பது இதுதான். டிரெய்லர் மூக்கின் பாரம், காரின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் இணைப்புப் பந்தின் மேல் உட்காருகிறது. பின்பக்கம் அமுங்க, முன்சக்கரம் லேசாகிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது, ஹெட்லைட் மரத்தின் உச்சியைக் காட்டும். ஹிட்ச் என்பது காரையும் டிரெய்லரையும் இணைக்கும் அமைப்பு. பாரம் பகிரும் ஹிட்ச்சில் இருக்கும் இரண்டு ஸ்பிரிங் பார்கள் (எஃகுத் தண்டுகள்) கடப்பாரைபோல நெம்பி, அந்தப் பாரத்தில் ஒரு பங்கைக் காரின் முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லர் சக்கரத்துக்கும் தள்ளுகின்றன. என்னுடையது, அமெரிக்காவிலிருந்து திரும்பிய மச்சான் வீட்டுச் சாமானோடு கொண்டுவந்த பழைய ஹிட்ச். பாரின் நுனியைச் செயினால் டிரெய்லர் சட்டத்தோடு இழுத்து மாட்டும் ரகம்.

ஷாங்கை (ஹிட்ச்சின் காம்பை) காரில் செருகுவது, பூட்டுகிற பின்னைப் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் காரின் கையேட்டைப் பாருங்கள். சில கார்களுக்கு இந்த வகை ஹிட்ச்சே கூடாது என்று எழுதியிருக்கும்.

முதலில் எடை. மணலி பக்கம் எடை மேடைகளுக்குப் பஞ்சமில்லை. லாரிகள் வருவதற்குள், விடியற்காலை 5 மணிக்கே போய்விடுங்கள். காரை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, டிரெய்லரை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. பிறகு இரண்டையும் மாட்டி, பாரைக் கோக்காமல், கார் மேடையிலும் டிரெய்லர் சக்கரம் வெளியிலும் நிற்க மூன்றாவது சீட்டு. மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மூக்குப் பாரம். மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். எனக்கு 1,250 கிலோவுக்கு 150 கிலோ வந்தது. 10க்குக் கீழே இருந்தால் டிரெய்லர் வாலாட்டும், அதாவது ஓடும்போது பக்கவாட்டில் ஆடும். அதை ஹிட்ச் சரிசெய்யாது, சாமானைத்தான் முன்னால் நகர்த்த வேண்டும்.

அடுத்து பந்தின் உயரம். டிரெய்லரைத் தனியாக மட்டமாக நிறுத்தி, பந்து உட்காரும் இடத்தின் உயரத்தை அளந்து, பந்தை அதைவிட 2, 3 செ.மீ. மேலே வையுங்கள். கார் எப்படியும் கொஞ்சம் அமுங்கும்.

இப்போது நான் கோட்டைவிட்ட இடம். டேப்பை எடுத்துக்கொண்டு பின் மட்கார்டை அளந்தேன். டிரெய்லர் மாட்டியதும் 5 செ.மீ. இறங்கியது. அது பழைய உயரத்துக்கே ஏறும் வரை பார்களின் இழுவையைக் கூட்டிக்கொண்டே போனேன். கார் பார்க்க அழகாக மட்டமாக நின்றது. மறுநாள் தூறலில் காட்டுப்பள்ளி பக்கம் ஒரு வளைவில் பின்பக்கம் சறுக்கி, நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. பின்சக்கரத்தில் இருக்க வேண்டிய பாரத்தையும் சேர்த்து முன்னால் அனுப்பியிருக்கிறேன்!

பார்க்க வேண்டியது முன் மட்கார்டு. சக்கரத்துக்கு நேர் மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் விளிம்பிலிருந்து தரை வரை மூன்று முறை அளக்க வேண்டும். வெறும் கார்: எனக்கு 79 செ.மீ. டிரெய்லர் மாட்டி, பார் கோக்காமல்: 80.6. பார் கோத்த பிறகு: 79.6. ஏறிய 1.6 செ.மீ.யில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, எனக்கு அது போதும். கார் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். எப்படியானாலும் 79க்குக் கீழே போகவே கூடாது. பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் நிற்கும், நிற்கட்டும்.

எங்கள் தெரு வடிகால் பக்கம் சரிவு, அங்கே அளந்தது ஒன்றுக்கும் உதவவில்லை. எடை மேடைக்காரரிடம் கேட்டு அங்கேயே ஓரமாக அளந்தேன்.

இழுவையைக் கூட்ட இரண்டு வழி: செயினில் ஒரு கண்ணி குறைப்பது, அல்லது பந்தும் பார்களும் பொருந்தும் ஹிட்ச் தலைக்குள் ஒரு வாஷர் சேர்த்துத் தலையை டிரெய்லர் பக்கம் கீழே சாய்ப்பது. ஆரம்பத்தில் எல்லாரும் கண்ணியைத்தான் குறைப்போம். ரொம்பக் குறைத்தால் வளைவில் செயின் ஆட இடமில்லாமல் இறுகும். பார் டிரெய்லர் சட்டத்துக்கு ஏறக்குறைய இணையாக நிற்கிற மாதிரி முதலில் வாஷரால் சாய்வை முடிவுசெய்யுங்கள். கண்ணி நுணுக்கத்துக்கு மட்டும்.

பாரைக் கோக்கும்போது பைப்பைப் போட்டு நெம்பாதீர்கள். கை தவறினால் அந்த பைப் முகத்துக்கு வரும். டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பந்தைப் பூட்டி, மூக்கு ஜாக்கியால் காரின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்குங்கள். செயின் கையாலேயே மாட்டும். கழற்றவும் அதே முறைதான்.

எல்லாம் சரியானதும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். 'நல்லா டைட்டா இருக்கு' என்பது அளவு கிடையாது. கடன் வாங்கியாவது ரெஞ்ச் கொண்டுவாருங்கள். பந்து நட்டுக்கான பெரிய சாக்கெட் சென்னை பாரிமுனை செம்புதாஸ் தெருவில் தேடினால் கிடைக்கும்.

பின்சேர்க்கை 1: ஓவர்ரன் பிரேக் உள்ள டிரெய்லருக்கு இது ஆகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதில் மூக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் பிரேக் பிடிக்கும், பல ஹிட்ச்கள் அந்த நகர்வைத் தடுத்துவிடும். தயாரித்தவர் ஆகும் என்று எழுத்தில் சொன்னால் மட்டும் மாட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: செங்குத்தான கேட் சரிவில் ஏற்றும்போது பார் கிறீச்சிட்டு வளைவதாக இன்னொருவர் எழுதினார். அந்த இடத்துக்கு முன்னால் பாரைக் கழற்றிவிட்டு மெதுவாக ஏற்றுங்கள்.

பின்சேர்க்கை 3: இது என் சொந்தத் தப்பு. எல்லாம் செட் பண்ணி, மீஞ்சூர் தாண்டியதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. எடை போட்டபோது 80 லிட்டர் தண்ணீர் டேங்க் காலி, பயணத்தன்று முழுக்க நிரப்பியிருந்தேன். டேங்க் இருப்பது டிரெய்லர் அச்சுக்குப் பின்னால். திரும்ப எடை போட்டால் 1,330 கிலோவுக்கு மூக்குப் பாரம் 120 தான், 9 சதவீதம். இப்போது டேங்க்கை அச்சுக்கு முன்னால், கட்டிலுக்கு அடியில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றி முடித்ததும் மட்கார்டு அளவுகளை மறுபடி எடுத்துப் போடுகிறேன்.