குடல் அழற்சியுள்ளவர்களுக்காகச் சிவப்பரிசிப் பழஞ்சோற்றுத் தண்ணீர் தயாரிக்கும் முறை

பழஞ்சோற்றுத் தண்ணீர் வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று சொல்லி நிறுத்திவிடுவது நம் வழக்கம். ஆனால் குடல் அழற்சியை மனத்தில் வைத்து அதைக் குடிப்பவர், எந்த அரிசிச் சோற்றை ஊறவைக்கிறோம் என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். திருகோணமலைக் கடைகளில் சிவப்பு அரிசி வாங்கும்போது அதிகம் தீட்டாததாகப் பார்த்து வாங்குங்கள். செந்நிறம் தரும் புரோஆந்தோசயனிடின்கள் என்ற சேர்மங்களும், நார்ச்சத்தோடு பிணைந்திருக்கும் ஃபெருலிக் அமிலம் என்ற சேர்மமும் பெரும்பாலும் தவிட்டில்தான் உள்ளன. வெள்ளையாகத் தீட்டினால் அவை ஆலையிலேயே கழிந்துவிடும்.

பிணைந்த நிலையிலுள்ள ஃபெருலிக் அமிலத்தைச் சிறுகுடல் எளிதில் உறிஞ்சாது. சோற்றைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் சில அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதியைச் சுரப்பதால், புளிக்கும்போதே ஒரு பங்கு விடுபடக்கூடும். மிச்சத்தில் ஒரு பகுதியைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் விடுவிக்கின்றன. அழற்சிப் புரதங்களை உண்டாக்கத் தூண்டும் என்.எஃப்.-கப்பா-பி என்ற சமிக்ஞைப் பாதையை இவ்வமிலம் மட்டுப்படுத்துவது உயிரணு ஆய்வுகளிலும் விலங்கு ஆய்வுகளிலும் காணப்பட்டுள்ளது. மனிதரிடத்தில் ஆதாரம் இன்னும் குறைவு என்பதால், இதை நம்பி வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு கோப்பைச் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மண்முட்டியில் இட்டு, கொதித்தாறிய தண்ணீரை மூன்று கோப்பை ஊற்றிச் சோறு முழுவதும் மூழ்கும்படி வையுங்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் பாக்டீரியாவைத் தடுக்கும் என்பதாலேயே கொதிக்கவைக்கச் சொல்கிறேன். அலுமினியப் பாத்திரம் புளிப்புக்கு ஆகாது. முதல் நாளில் ஒரு மேசைக்கரண்டி தயிரையும், அடுத்த நாட்களில் முந்தைய நாள் தண்ணீரில் சிறிதையும் உறையாகச் சேர்ப்பது அவசியம். ஏனெனில் பசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும்போதும் சாகாமல் நின்று, வெதுவெதுப்பில் பெருகி நஞ்சைச் சுரக்கக்கூடியவை. விரைவாக ஏறும் புளிப்பே அவற்றை அடக்கும். அந்த நஞ்சில் ஒருவகை கொதிக்கவைத்தாலும் அழியாது என்பதால், கெட்ட தண்ணீரைச் சூடாக்கிக் குடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் 8 மணி நேரம் போதும். வாடையும் மழையுமான மார்கழியில் 12 மணி நேரம் வரை ஆகலாம். மோரைப் போன்ற இளம்புளிப்பு மணம் வர வேண்டும். புளிப்பின் அளவைக் காட்டும் பீஎச் தாள் கிடைத்தால் 4.5க்குக் கீழே காட்டுகிறதா என்று பாருங்கள். நூல்போல் இழுபட்டாலோ, இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் தெரிந்தாலோ முட்டியோடு கவிழ்த்துவிடுங்கள்.

குடிக்கும் வேளையில்தான் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, அளவான உப்பு, தேசிக்காய்ப் புளி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின் என்ற தாவரச் சேர்மம் வெளியடுக்குகளிலேயே செறிந்திருப்பதால் மெல்லிய சருகை மட்டும் நீக்குங்கள். நம்மில் பலர் நல்ல அடுக்கொன்றையும் சேர்த்தே உரித்துக் குப்பையில் போடுகிறோம். பச்சை வெங்காயத்தால் வயிறு ஊதுபவர்கள் அதைத் தவிர்க்கலாம். தேங்காய்ப்பால் விட்டால் உடனே குடித்துவிட வேண்டும்.

நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் வீட்டில் புளிக்கவைத்த பானங்களைத் தொடுவதற்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் அதையும் இந்தத் தண்ணீரையும் ஒரே வேளையில் எடுக்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. தவிட்டுக்குச் செந்நிறம் தரும் அந்தச் சேர்மங்கள் இரும்பைப் பற்றிக்கொள்ளும்.