பிள்ளை வெலிங்டனில், நீங்கள் வேலூரில்: ட்ரெய்னிங் மாதங்களைத் தள்ளுவது எப்படி

பிள்ளை ராணுவப் பயிற்சி சென்டருக்குப் போன பிறகு எப்படித் தூங்குவது என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் அம்மாக்கள்தான். அப்பாக்கள் கேட்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வார்கள்.

கணியம்பாடி பக்கம் எனக்கு ஒரு தையல் கடை. மூத்தவன் அக்னிவீராக, அதாவது நாலு வருட ராணுவ வேலைக்குத் தேர்வாகி, குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் பயிற்சி முடித்தவன். அவனுக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் மிலிட்டரி கிடையாது. ஆனால் பக்கத்திலேயே கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு ராணுவம். அங்கே வாழ்க்கைப்பட்ட பெரியம்மா மகள் அக்காவுக்குக் கணவர், கொழுந்தன், மகன் எல்லாரும் ஆர்மிதான். நான் இங்கே சொல்வதில் பாதி அவள் சொல்லிக் கொடுத்தது.

கால் லெட்டர் வந்ததும் கவலைப்பட உட்காராதீர்கள், முதலில் பேப்பர்களைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பான், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? நம் ஊரில் இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும். அப்பா பெயர் ஓரிடத்தில் முருகன், இன்னோரிடத்தில் முருகேசன். அம்மா அப்பாவின் ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும்கூட சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவன் சர்வீஸ் ரெக்கார்டில் குடும்பம் என்று ஏறப்போவது நாம்தான். இ-சேவை மையத்துக்கு அலைகிற வேலையெல்லாம் அவன் ஊரில் இருக்கும்போதே முடியட்டும். போன பிறகு ஒரு கையெழுத்துக்குக்கூட அவனைப் பிடிக்க முடியாது.

பெட்டியில் என்ன வைப்பது என்று லிஸ்ட் வரும், அதன்படி வாங்கினால் போதும். லிஸ்டில் இல்லாததில் நான் சொல்வது தடிமனான காட்டன் சாக்ஸ், கால் பவுடர், வாசலின், ஊசி நூல். வேலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு நீலகிரிக் குளிரில் முதல் வாரமே உதடு வெடித்துவிடும். முறுக்கு, அதிரசம் வேண்டாம் என்றால் கேட்க மாட்டீர்கள், சரி, வையுங்கள். அன்று ராத்திரியே பிள்ளைகள் சேர்ந்து தங்கும் பாரக் முழுக்கப் பங்கு போய்விடும், அதுவும் நல்லதுக்குத்தான்.

இனி போன் விஷயம். போனை கம்பெனியில், அதாவது அவன் இருக்கும் ராணுவப் பிரிவில், வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் கையில் கிடைக்கும். அன்றைக்கு ஏதாவது ட்யூட்டி இருந்தாலோ, ஒருத்தன் செய்த தப்புக்கு எல்லாருக்கும் ரகடா (உடம்பை முறிக்கிற தண்டனைப் பயிற்சி) விழுந்தாலோ அதுவும் இல்லை. "போன் வரலன்னா அவன் தூங்கினு கீறான்னு அர்த்தம்டி" என்பாள் அக்கா. அனுபவத்தில் அது உண்மைதான். விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடி, நாள் முழுக்கப் பரேட் மைதானத்தில் நின்ற உடம்பு, சும்மா உட்கார்ந்தாலே தூங்கிவிடும்.

முதல் போனில் அவன் குரல் அடையாளமே தெரியவில்லை. "யம்மா, நல்லா கீறேன்மா" என்கிறான், கரகரவென்று, பாதி காற்றாக வருகிறது. அழுதிருக்கிறான் என்று நினைத்து எனக்குக் கையில் இருந்த கத்தரிக்கோல் நழுவிவிட்டது. அக்காவிடம் சொன்னால் சிரிக்கிறாள். டிரில்லில் நாள் முழுக்கக் கத்தச் சொல்வார்களாம். எண் சொல்வதும் கத்தல், பதில் சொல்வதும் கத்தல். தொண்டை கட்டாத ரெக்ரூட் கிடையாதாம். ஆக, குரலை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். ஆள் கறுத்து, கன்னம் ஒட்டி, மொட்டைத் தலையோடு ஒரு போட்டோ வரும். அதை வைத்தும் வேண்டாம்.

போனில் என்ன பேசுவது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். "சாப்பிட்டியா, அடிக்கிறாங்களா, கஷ்டமா இருக்கா" என்று கேட்டால் அவனிடம் இருப்பது ஒரே பதில்தான்: நல்லா இருக்கேன். பக்கத்துக் கட்டிலில் யார், எந்த ஊர் பையன், இந்த வாரம் எந்த உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) திட்டினார், ஹிந்தி எவ்வளவு புரிகிறது என்று கேளுங்கள், தானாகப் பேசுவான். அப்புறம் நம் பக்கத்துச் செய்தி சொல்லுங்கள். பாலாற்றில் தண்ணீர் வந்தது என்று சொன்ன அன்றுதான் எங்கள் பையன் அதிக நேரம் பேசினான். எந்தப் பாலத்தில் நின்று பார்த்தீர்கள், எவ்வளவு தண்ணீர் என்று அத்தனை கேள்வி. அழுகை வந்தால் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுங்கள். உங்கள் அழுகையை அவன் அடுத்த ஞாயிறு வரை சுமக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது நான்காவது வாரத்தில் பல பிள்ளைகள் "வந்துடறேன்மா" என்பார்கள். உடனே "வாடா கண்ணு" என்றும் சொல்லாதீர்கள், "ஊர்ல மானம் போயிடும்" என்றும் சொல்லாதீர்கள். அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் தூக்கமின்மையோ, புரியாத மொழியில் வாங்கிய திட்டோதான் இருக்கும்.

நிஜமாகக் கவலைப்பட வேண்டிய ஒன்று உண்டு, அது கால். தினம் ஓட்டம், பூட்ஸோடு தரையை மிதிக்கிற டிரில். பழகாத எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்காமல் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை போல விரிசல் விடும். ரெக்ரூட்களுக்கு இது சகஜமாக வருவது. கால் முழுக்க வலித்தால் அது அசதி. ஒரே இடத்தில், விரலால் அழுத்தினால் சுரீர் என்று, படுத்திருக்கும்போதும் வலித்தால் மறுநாள் காலையே உடம்பு முடியவில்லை என்று சிக் ரிப்போர்ட் போட்டு, டாக்டர் பார்க்கும் எம்.ஐ. ரூமுக்குப் போகச் சொல்லுங்கள். பிள்ளைகள் போக மாட்டார்கள். நாள் கணக்கில் பயிற்சி விட்டுப்போனால் ரெலிகேட் செய்து அடுத்த பேட்ச்சில் போட்டுவிடுவார்கள் என்று பயம். சேர்ந்து வந்தவர்கள் முன்னால் போய்விடுவார்களே என்று வலியை மறைத்து ஓடுவார்கள், சின்ன விரிசல் பெரிதாகும். ஒரு பேட்ச் தள்ளிப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது என்று வீட்டிலிருந்து, அதுவும் அப்பா வாயால் ஒரு தடவை கேட்டால்தான் அவன் டாக்டரிடம் போவான். இன்னும் கிளம்பாத பிள்ளை என்றால் இப்போதே மண் ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டத்தைக் கூட்டட்டும். ஆள் எடுக்கும் ரேலியில் ஓடிய பிறகு ரெண்டு மாதம் பைக்கில் சுற்றிவிட்டு நேராக சென்டருக்குப் போகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

அதே கம்பெனியில் இருக்கும் மற்ற பிள்ளைகள் பேசி, உங்கள் பிள்ளை மட்டும் தொடர்ந்து பேசவில்லை என்றாலோ, பேச்சில் உயிரை வெறுத்த மாதிரி ஏதாவது வந்தாலோ காத்திருக்காதீர்கள். சேர்ந்தபோது கொடுத்த கம்பெனி நம்பருக்கு அடித்து, அங்கே பொறுப்பில் இருக்கும் ஜே.சி.ஓ.விடம் (இளநிலை அதிகாரி) நேராகச் சொல்லுங்கள். தமிழில் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம், வெலிங்டனில் தமிழ் தெரிந்தவர்கள் நிறைய. வீட்டில் நமக்கே தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசுவார்கள்.

பணம் கேட்டு வருகிற போன் வேறு ஜாதி. "உங்க பையன் ஆஸ்பத்திரியில, உடனே ஜிபே பண்ணுங்க" என்று ஒருத்தன் ஹிந்தி கலந்த தமிழில் எனக்கும் பேசினான். ராணுவ ஆஸ்பத்திரியில் ரெக்ரூட்டிடம் காசு வாங்குவதில்லை. கட் செய்துவிட்டு கம்பெனி நம்பருக்கு அடியுங்கள். செலவுக்கும் நாம் அனுப்ப வேண்டியதில்லை. அக்னிவீருக்கு முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 நாலு வருடம் முடிந்ததும் மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதிக்குப் போக 21,000 கையில் வருகிறது. அதை எங்கே போடுவது என்று நீங்கள் யோசிக்கலாம். நாலு வருடம் கழித்து நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும், ஆனால் அந்தப் பேச்சை ட்ரெய்னிங் நடக்கும்போது போனில் எடுக்காதீர்கள்.

பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் சொல்வதா, மறைப்பதா? சொல்லிவிடுங்கள், அளவாக. மறைத்து, பிறகு ஊர்க்காரன் மூலம் தெரிந்தால் அடுத்த முறை நீங்கள் "எல்லாரும் சௌக்கியம்" என்றாலும் நம்ப மாட்டான். லீவு வாங்கப் பொய்யாக அவசரம் என்று சொல்வது மட்டும் கூடவே கூடாது. நிஜமாக அவசரம் வரும் நாளில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அவன் யூனிஃபார்ம் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதையும், எந்த கம்பெனி எந்த இடம் என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். திட்டு வாங்கப்போவது அவன்.

கடைசியில் கசம் பரேட், பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கிற நாள். தேசியக் கொடிக்கு முன்னால், அவரவர் வேத நூலைத் தொட்டு சத்தியம் செய்வார்கள். முடிந்த பிறகு பெற்றோருக்கும் கௌரவ் பதக் என்று ஒரு பதக்கம் சட்டையில், புடவையில் குத்துவார்கள். தேதி தெரிந்ததும் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடுங்கள், 60 நாளைக்கு முன்பே ரிசர்வேஷன் திறக்கும். இரவு காட்பாடியில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். மலை ரயிலை நம்பாதீர்கள், டிக்கெட் கிடைப்பது கஷ்டம், பலத்த மழை என்றால் ஓடாமலும் போகலாம். ஸ்டேஷனுக்கு வெளியிலேயே குன்னூர் பஸ் இருக்கும். சொந்தபந்தத்தோடு வேன் பிடித்துப் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். எல்லார் ஆதாரும் கையில் இருக்கட்டும், கேட்டில் கேட்பார்கள். ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். குன்னூரில் இறங்கியதுமே தேவைப்படும்.