ஈசாப் தருகிறோம் என்றால்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

வேகமாக வளரும் இந்திய ஸ்டார்ட்அப்களில் சம்பளப் பேச்சின் நடுவே ஈசாப் (ESOP, ஊழியருக்கான பங்கு உரிமைத் திட்டம்) வந்து நிற்கும். எச்.ஆர். சொல்லும் ‘மதிப்பை’ அப்படியே சம்பளத்தோடு கூட்டிவிடாதீர்கள். கையில் வருவது பங்கு அல்ல, பிறகு பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை.

ஆஃபர் லெட்டரில் ஒரு வரிதான் இருக்கும். உரிமையை உங்களுக்கு வழங்கும் கிராண்ட் லெட்டரையும் ஈசாப் திட்ட ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை என்றும் கேளுங்கள். 4,800 ஆப்ஷன் (ஒரு பங்கு வாங்கும் உரிமை ஓர் ஆப்ஷன்) என்பது 1 கோடிப் பங்கில் 0.048 சதவீதம், 10 லட்சத்தில் 0.48. இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் ஈசாப்பைப் பூஜ்யமாக வைத்தே சம்பளம் பேசுங்கள்.

வழக்கமான வெஸ்டிங், அதாவது ஆப்ஷன்கள் சிறிதுசிறிதாக உங்களுடையதாகும் காலம், நான்கு ஆண்டு. முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் கிடையாது. ஆப்ஷன் வழங்கிய நாளுக்கும் வெஸ்டிங்குக்கும் சட்டப்படியே குறைந்தது ஓர் ஆண்டு இடைவெளி வேண்டும். பிறகு மாதாமாதம் சேரும் என்று வைப்போம். 4,800-இல் முதல் ஆண்டு முடிவில் 1,200, பிறகு மாதம் 100. முப்பதாவது மாதம் விலகினால் 3,000 உங்களுடையது.

சிக்கல் இங்கேதான். எக்சர்சைஸ் (உரிமையைப் பயன்படுத்திப் பங்கு வாங்குவது) விலை 10 ரூபாய், அன்றைய சந்தை மதிப்பு 500 என்றால், அந்த 3,000 பங்குக்குக் கட்டுவது 30,000. ஆனால் வித்தியாசமான 14,70,000 சம்பள வருமானமாகிவிடும். முழுவதும் வருமான வரியின் 30 சதவீத அடுக்கில் விழுந்தால், 4 சதவீத செஸ் (வரிமேல் வரி) சேர்த்து வரி 4,58,640. விற்கவே முடியாத பங்குக்குக் கைக்காசு ஏறக்குறைய ஐந்து லட்சம்! தகுதிச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் இந்த வரியைத் தள்ளிப்போடலாம். வேலையை விட்டால் அந்தச் சலுகையும் போய்விடும்.

ஆகவே விலகிய பின் எக்சர்சைஸ் செய்ய எத்தனை நாள் என்று பாருங்கள். 90 நாள் என்றால் நெருக்கடி. சில ஆண்டுகள் என்றால் பங்கை விற்க வழி பிறக்கும்வரை காத்திருக்கலாம். நோட்டீஸ் பீரியடில் வெஸ்டிங் ஓடுமா, ராஜினாமா கொடுத்த அன்றே நிற்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நிறுவனம் விலைபோனால் முதலீட்டாளர்களின் முன்னுரிமைத் தொகை (மற்றவர்களுக்கு முன் அவர்கள் திரும்பப் பெறும் பணம்) முதலில் போகும். 200 கோடி திரட்டிய நிறுவனம் 150 கோடிக்கு விலைபோனால், ஊழியருக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

பங்கை விற்கும் ஆண்டின் வரிக் கணக்கில் பலர் செய்யும் தவறு, வாங்கிய விலை 10 ரூபாய் என்று எழுதுவது. எழுத வேண்டியது, ஏற்கெனவே வரி கணக்கிட்ட 500. இல்லையேல் ஒரே தொகைக்கு இரண்டு முறை வரி. ஆதாரமாகப் படிவம் 16-ஐயும் எக்சர்சைஸ் நாளின் மதிப்பீட்டுச் சான்றையும் வேலையை விடுவதற்கு முன்பே சொந்த மின்னஞ்சலுக்கு எடுத்துவையுங்கள்.